துண்டு போட்ட சீட்டு

விடிகாலை நாலு நாற்பது.
ராமேஸ்வரம் வண்டி மாட்டுத்தாவணிக்குள் திரும்புகிறது
பின்படிக்கட்டில் நீர் சொட்டச் சொட்ட.
'கடலையே ஏத்தி விட்டுர்றாங்கய்யா' என்று
கண்டக்டர் வைவது என்னைத்தான்.
சாக்கின் வாயை அவிழ்த்து முகர்கிறேன்.
பாசி. அழுகவில்லை.
இரண்டாவது சிகரெட்டைப் பாதியில் அணைத்தது இதற்காக.
புகை ஏறிய மூக்குக்கு அழுகல் தெரியாது என்று
மெஹருன்னிசா மேடம் ஒருநாள் சொன்னார்,
என்னைப் பார்க்காமல்.

புகையை விடவைக்க மருந்து தேடும் ஆய்வகத்தில்
எனக்குச் சம்பளம் பதினாலாயிரம்.
அதில் ஆயிரத்து எண்ணூறு
நாகமலை அடிவாரத்துப் பெட்டிக்கடைக்கு.
அந்தக் கணக்கை எங்கும் எழுதவில்லை.
மீன்களின் கணக்கைத்தான் எழுதுகிறேன்.

சுண்டுவிரல் நீளம்கூட இல்லாத வரிமீன்கள்.
தொட்டியின் ஒரு பக்கம் வெறும் வெள்ளை,
மறுபக்கம் கரும்புள்ளி ஒட்டியது.
புள்ளிப் பக்கம் அடைத்துவைத்து நிகோடின் கலந்தோம்.
பத்து நாளில் நிறுத்தினோம்.
நிறுத்திய பின்னும் புள்ளியண்டையே போய் நின்றன,
பால் தீர்ந்த டீக்கடையில்
ஆட்கள் நிற்பார்களே, அப்படி.

மேடம் பலகையில் வரைந்தது
எனக்குப் புரிந்தது இவ்வளவுதான்:
மண்டைக்குள் ஒரு பஸ்.
அதில் நிகோடினுக்கென்றே ஒரு ஜன்னலோர சீட்டு.
அது முண்டியடித்து ஏறுமுன்
வெளியிலிருந்து யாராவது துண்டை வீசிவிட வேண்டும்.
கொடைக்கானல் சரிவிலிருந்து வரும் இலை
துண்டு வீசும்.
அதற்குக் காட்டுப்புகையிலை என்று பேர்,
புகையிலைக்குப் பங்காளிகூட இல்லை,
பேர் மட்டும் எப்படியோ ஒட்டிக்கொண்டது.
பாசி என்ன செய்யும்?
இன்னும் தெரியவில்லை என்றார்.
'ஆள் வருது, ஆள் வருது' என்று பொய் சொல்லிக்கொண்டு
துண்டுக்குக் காவல் நிற்குமோ என்னவோ.

இலைச்சாறு ஒரு சொட்டு கூடிப்போன அன்று
மூன்று மீன்கள் வயிறு தெரிய மிதந்தன.
அதையும் எழுதினேன்.
அன்றைக்கு மட்டும் ஒன்பது சிகரெட்.

போன செவ்வாய் சாக்கோடு ஆளும் இறங்கியது.
நம்புத்தாய். பெரியாஸ்பத்திரிக்கு வந்தவள்.
பாறையில் பாசி பிடுங்கும் விரல்களில்
ட்யூப் ரப்பர் சுற்றிய தடம்,
கடைவாயில் ஒதுக்கிய புகையிலை.
'இத வச்சு என்னதான் செய்றீக?'
சொன்னேன். மீன், புள்ளி, துண்டு எல்லாம்.
சிரித்ததில் புகையிலை
ஒரு கன்னத்திலிருந்து மறுகன்னத்துக்கு மாறியது.
'முப்பது வருசமா அதுக்குள்ளதான் முங்கிக் கெடக்கேன்,
எனக்கு விடலயே.'
பிறகு சிரிப்பை நிறுத்திக் கேட்டாள்:
'இத விட்டா, மார்கழித் தண்ணிக்குள்ள
குளிருக்கு என்னத்தப் போட்டு அடக்க?
அதுக்கு இருக்கா உங்க டப்பாவுல?'

காளவாசல் சிக்னலில்
சாக்கு நீர் என் முதுகில் இறங்கியது.
பச்சை விழுந்தும் யோசித்துக்கொண்டிருந்தேன்,
பின்னாலிருந்து ஹாரன்கள்.

இன்று ஐந்தாம் தொட்டியில்
இலையும் பாசியும் சேர்த்துக் கொடுத்த மீன்
புள்ளிக்கும் போகவில்லை, வெள்ளைக்கும் போகவில்லை.
நட்டநடுவில்
செதிள் மட்டும் அசைய நின்றது நாலு நிமிடம்.
என் நோட்டில் இரண்டே கட்டம்: இடம், வலம்.
ஸ்கேல் எடுத்து நடுவே ஒரு கோடு இழுத்தேன்,
கை கொஞ்சம் நடுங்க.
நடுங்கியது மீனுக்காகவா,
மணி பதினொன்று ஆகிவிட்டதற்கா?

மேடத்துக்குச் செய்தி அனுப்பிவிட்டு
வெளியே வந்தேன்.
பெட்டிக்கடைக் கயிற்றின் நுனியில் நெருப்பு.
சில்லறை கையில் இருக்கிறது.
கடைக்காரர் வழக்கம்போல் ஒன்றை உருவி நீட்டுகிறார்.
நான் இன்னும்
ரோட்டுக்கு இந்தப் பக்கம்தான் நிற்கிறேன்.
நடுவில் ஒரு டவுன் பஸ் போகிறது,
ஜன்னலில் யாரோ போட்ட பச்சைத் துண்டு
காற்றில் அடித்துக்கொண்டு.