கிழிசல்

எண்பத்தாறாவது நிமிசம்.
பந்து வலைக்குள் நின்றிருந்தால்
எல்லாரும் ஏழு மணிக்குள் வீடு போயிருப்போம்.
அது வலைக்குப் பின்னால்
ஐஸ்கிறீம் வானின் சில்லடியில் கிடந்தது.

மத்தியஸ்தர் குகதாசன் பக்க நடுவரைப் பார்த்தார்.
பக்க நடுவர் தன் கொடியைப் பார்த்தார்.
கொடி குருநகர்க் காற்றோடு ஏதோ கதைத்துக்கொண்டிருந்தது.
பிறகு விசில்.
கோல் இல்லை.

ஒன்றுக்கொன்று என்று ஆட்டம் முடிய
பெடியள் கைகுலுக்கி
ஒரே போத்தலில் தண்ணி குடித்து
சைக்கிளில் போய்விட்டார்கள்.
நாங்கள்தான் போகவில்லை.

"உள்ளுக்கால போய்
கிழிசலுக்கால வெளியில வந்தது.
அந்தாளுக்குக் கண் பொட்டையே?"
றெஜினோல்ட். நீலக் கொலிச்.
முழங்காலில் இன்னும் இரண்டாயிரத்து மூன்றின் தையல்.

"கம்பத்துக்கு வெளியால ஒரு முழம்.
கிழிசல் போன வருசத்துக் கிழிசல்."
யூட்சன், மஞ்சள்.
றெஜினோல்ட்டின் தங்கையைக் கட்டியவர்.
இன்றிரவு அங்கே சோறு ஒரு பானையில்தான்,
பேச்சு இருக்காது.

வலை செய்கிற ஊரில்
கோல் வலைக்கு ஒருத்தரும் ஊசி எடுக்கவில்லை.
இப்போது மட்டும் பதினொரு சம்மாட்டிமார்
அதைச் சுற்றி நின்று
அறுந்த நுனியை நாக்கில் நனைத்து
வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தார்கள்.
"புது அறுவை. பந்து அறுத்தது."
"தேஞ்ச நூல். மாசக்கணக்கு."
"நண்டு கடிச்சமாதிரிக் கிடக்கு."
"மைதானத்தில ஏதடா நண்டு?"
இத்தனை கண் வைத்த வலை
எதையும் காட்டிக்கொடுக்கவில்லை.

அமலராஜின் ஃபோனில் வீடியோ இருந்தது.
இருபது தலைகள் ஒரு கையளவு வெளிச்சத்துக்குள்.
அவன் ஓடுகிறான், வெட்டுகிறான், உதைக்கிறான்,
பந்து எழும்புகிறது,
அந்த இடத்தில்
ஒரு நாவல்நிறக் குடை.
குடை விலக, பந்து வானுக்குக் கீழே.
"ஆற்ற குடை உது?
உதின்ர கம்பியை முறிக்கவேணும்!"

பாரிசிலிருந்து சின்னத்தான் எடுத்தார்.
அங்கே வேலைக்கு இறங்கும் நேரம்.
"கோலோ இல்லையோ, அதை மட்டும் சொல்லுங்கோ."
இரண்டு பேர் ஒரே மூச்சில்
இரண்டு விதமாய்ச் சொன்னார்கள்.

குடை என்னுடையது.
உதைத்தவன் என் தமக்கையின் மகன்.
கம்பத்துக்குப் பின்னால் ஆகக் கிட்ட நின்றவள் நான்.
ஒரு மணித்தியாலமாய் நானும் கத்தினேன்:
"கோல்தான்! என்ர கண்ணால கண்டனான்,
அந்தோனியாராணை!"
என்னைச் சாட்சி வைத்துத்தான்
றெஜினோல்ட் யூட்சனின் சேட்டைப் பிடித்தார்.

உண்மையில்
நான் ஐஸ்கிறீம்காரனிடம் மிச்சக்காசு எண்ணிக்கொண்டிருந்தேன்.
முப்பது ரூபாய் குறைந்தது.
சத்தம் கேட்டுத் திரும்பினேன்.

இருட்டிவிட்டது.
சுன்னாகம் போகவேண்டிய மத்தியஸ்தரின் மோட்டார்சைக்கிள்
இழுத்து இழுத்து நின்றது.
அதைத் தள்ளிக் கொடுத்ததும் அதே றெஜினோல்ட்தான்,
"நீர் கணக்குப் படிப்பிக்கிறனீராம்,
ஒண்டும் ஒண்டும் எவ்வளவு எண்டு
எங்கட பிள்ளையளுக்குச் சொல்லிப்போடாதையும்"
என்று வைதபடியே.

படலையடியில் அவர் என்னைக் கண்டு நிறுத்தினார்.
குடையைப் பார்த்தார்.
குரலைத் தாழ்த்தினார்.
"அக்கா, நீங்கள் பின்னாலதானே நிண்டனீங்கள்.
உள்ள போனதோ?"

கேட்டவிதத்தில் கோபமில்லை.
இன்று நித்திரை வராத மனிதன் கேட்கிற கேள்வி.
ஊருக்கெல்லாம் சத்தியம் செய்த வாய்
அந்த ஒருத்தருக்கு முன்னால் ஒட்டிக்கொண்டது.

"வெயில் கண்ணுக்கு அடிச்சது, சேர்."

"எனக்கும்" என்றார்.

அதற்குமேல் இருவரும் ஒன்றும் சொல்லவில்லை.
பின்லைற் இல்லாத மோட்டார்சைக்கிள்
கடற்கரை வீதியில் இருமிக்கொண்டு போனது.

மைதானத்துக்குள்
இன்னும் கேட்டது யூட்சனின் மச்சான் குரல்:
"ஒரு முழமெண்டா ஆற்ற முழம்?
உன்ர முழமோ, என்ர முழமோ?
கையை நீட்டு பாப்பம்!"