குட்டி பார்க்கப் போனது

லேப்ரடார் வாங்கலாம் என்றான் செல்வின்.
அது திருடனுக்கு டார்ச் பிடிக்கும் என்றாள்
ஆஸ்பத்திரியில் என்கூட நைட் பார்க்கும் கோயில்பிள்ளை சிஸ்டர்.
ஜெர்மன் ஷெப்பர்டு?
சித்திரை வெயிலுக்கு அதற்கொரு ஏ.சி. வேண்டும்,
எங்களுக்கே இல்லை.
கோம்பை நல்ல காவல்தான்,
ஆனால் ஜெனிலாவுக்கு நாலு வயது,
எதைக் கண்டாலும் காதைப் பிடித்து இழுக்கிற வயது.
அவள் கேட்டது பொமரேனியன்.
அது குரைத்தால் பல்லிகூடச் சிரிக்கும்.

பிள்ளையோடு பாயில் உருள வேண்டும்.
ராத்திரி கேட்டில் கை வைக்கிறவன்
கையை எடுத்துக்கொள்ள வேண்டும்.
ஒரே உடம்புக்குள் இரண்டும்.

ரெட்டியார்பட்டி மலைக்குப் பின்னால்
பிளாட் எண் பதினேழு.
பதினாறில் உடைமரம்.
பதினெட்டிலும் உடைமரம்.
"இம்புட்டுத் தள்ளி ஏன் சார் வாங்குனீங்க?"
வயரிங் செய்ய வந்தவர் கேட்டார்.
விலை குறைவு என்றான் செல்வின்.
அதுவும் உண்மைதான்.
எனக்கு அண்ணன்கள் இரண்டு பேர்.
இந்த முகவரி இருவரிடமும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை, ஒரே பைக்கில் மூன்று பேர்,
கங்கைகொண்டான் தாண்டிக் கரிசலுக்குள் போனோம்.
கொம்பையா அண்ணாச்சி முதலில் தாயைக் காட்டினார்.
சிப்பிப்பாறை. விலாவை எண்ணிவிடலாம்.
"பட்டினி இல்லம்மா, அது வாகு."
ராஜபாளையமும் இருந்தது, சுண்ணாம்பு அடித்த மாதிரி.
"சிலதுக்குக் காது கேக்காது, பாத்து எடுக்கணும்."
கை தட்டினார்.
மூன்று குட்டிகள் திரும்பின.
ஒன்று தன் வாலோடு இருந்தது.

பிறகு பேச்சு ரத்தத்துக்கு வந்தது.
"சுத்தம். ஏழு தலமொற என் வாயில இருக்கு.
ஒரே ஒருக்க பொட்டை வேலி தாண்டிப் போயிட்டு,
எதோ தெருநாயோட.
குட்டி போட்டதும் அம்புட்டையும்…"
வாக்கியத்தை முடிக்கவில்லை.
குளத்துப் பக்கம் கையைக் காட்டினார்.
உள்ளே பார்த்து, மோர் கொண்டுவரச் சொன்னார்.

ஜெனிலா என் முழங்காலில் தலையை முட்டிக்கொண்டிருந்தாள்.
செல்வினின் மூக்கு.
எங்கள் பெரியண்ணன் நெற்றி.

மோர் வந்தது. தம்ளரோடு கேள்வியும் வந்தது.
"சாருக்கு எந்த ஊரு?
வீட்டம்மாவுக்கு?
ஊருக்குள்ள எந்தப் பக்கம்?"
செல்வின் ஊரைச் சொன்னான்,
பக்கத்தைச் சொல்லவில்லை.
நான் மோரைக் குடித்தேன். பெருங்காயம் தூக்கல்.
ஊசி எத்தனை போட்டிருக்கிறது என்று கேட்டேன்.

கலப்புக் குட்டி ஒன்று எடுத்துக்கொண்டு
கம்பீரமாகத் திரும்பியிருக்கலாம்.
கதையில் அப்படித்தான் செய்வார்கள்.
நாங்கள் ஆறாயிரம் எண்ணிக் கொடுத்து
சுத்தத்தைத்தான் வாங்கினோம்.
கண்ணு நல்லா இருக்கும், ஓட்டம் இருக்கும்,
வீட்டாளைத் தவிர ஒருத்தரை அண்டாது என்றார்.
பயந்தவர்களுக்கு வேறென்ன வேண்டும்.

வரும்போது ஒருவரும் பேசவில்லை.
தாழையூத்துப் பக்கம் குட்டி
என் மடியை நனைத்தது.

புட்டு என்று பேர் வைத்தாள் ஜெனிலா.
எட்டு மாதத்தில் என் இடுப்பைத் தொட்டது.
கேஸ்காரருக்குக் குரைத்தது, மயிலுக்குக் குரைத்தது,
பக்கத்தில் இடம் பார்க்க வந்த பாதிரியாருக்கும் குரைத்தது.
ஜெனிலா அதன் காதைப் பிடித்துத் தூங்கினாள்.

நேற்று மத்தியானம்
கேட்டுக்கு வெளியே ஓர் ஆட்டோ.
மஞ்சள் பையோடு இறங்கியது
அம்மா.
ஐந்து வருஷத்தில் முன்பல் ஒன்று போயிருந்தது.
ஆட்டோவின் இருட்டுக்குள்
ஒரு வெள்ளை வேட்டியின் கரை மட்டும் தெரிந்தது.
இஞ்சினை அணைக்கவில்லை.

புட்டு பாய்ந்து போனது. நின்றது.
கம்பி இடுக்கில் மூக்கை வைத்து
அம்மாவின் கையை முகர்ந்தது.
அதன் கணக்கில் அவளும் நானும்
ஒரே வாடையோ என்னவோ.
பிறகு ஆட்டோவைப் பார்த்தது.
காது இரண்டும் பின்னால் ஒட்டின.

குரைக்கவில்லை.
திரும்பி என்னைப் பார்த்தது,
சொல், என்ன செய்ய என்பதைப் போல.

ஒரு கை தாழ்ப்பாளில் இருக்கிறது எனக்கு,
ஒரு கை அதன் கழுத்துப் பட்டையில்.