ஈரச் சாக்பீஸ்

கடைசிப் பரீட்சை முடிந்து
மைக்கறை விரலோடு வெளியே வந்தால்
தலைமையாசிரியை ஒரு சீட்டை நீட்டுகிறார்.
"ஹாஜிரா, நாலு மணிக்குள் பலகையில் ஏறிவிட வேண்டும்.
பள்ளிக்கூடத்திலேயே கையெழுத்து உனக்குத்தானே."

எனக்குத்தான்.
அதற்கு மாவட்டப் போட்டி கிடையாது,
வட்டாரப் போட்டிகூடக் கிடையாது.

வாலிநோக்கத்தில் எந்தப் பலகையும் வழவழப்பாய் இருந்ததில்லை.
உப்பளத்துக் காற்று
கறுப்பு வண்ணத்தைச் செதில் செதிலாக உரித்திருக்கிறது.
ஒவ்வொரு 'ழ'வும் ஒரு பள்ளத்தில் இடறித்தான் எழும்.

ஈட்டி எறிதல், மாவட்ட அளவில் இரண்டாம் இடம்:
த. அழகுபூரணி, ஒன்பதாம் வகுப்பு 'அ'.
முதுகுக்குப் பின்னால் அவளே நிற்கிறாள்.
"ஏய், இடத்தைச் சின்னதா எழுது.
மீட்டரைப் பெருசா எழுது."
முப்பத்தொன்று புள்ளி நான்கு.
எழுதினேன்,
படகின் விலாவில் பேர் எழுதுவார்களே, அந்த அளவுக்கு.
முதலிடம் வாங்கியவளிடமே ஷூவை இரவல் வாங்கிப் போட்டு
அவள் எறிந்தாள் என்பதற்குச் சீட்டில் இடமில்லை.
ஷூ ஒரு சைஸ் பெரிது என்பதற்கும்.

கட்டுரை போட்டி, மூன்றாம் பரிசு:
மு. வில்வதுரை. தலைப்பு 'நான் கண்ட புயல்'.
புயலன்று அவன் மதுரையில் சித்தி வீட்டில் இருந்தான்.

அறிவியல் கண்காட்சி, ஆறுதல் பரிசு:
ச. ரெமிஜியுஸ், எட்டாம் வகுப்பு.
கடல்நீரைக் குடிநீராக்கும் கருவி, பழைய மிக்சி மோட்டார் போட்டது.
ராமநாதபுரத்தில் நடுவர் குனிந்து பார்த்த நேரம்
புகைந்தது,
பிறகு பக்கென்று பிடித்துக்கொண்டது.
யாருக்கு ஆறுதல் என்று தெரியாமல்
'ஆறுதல்' என்று எழுதினேன்.

உதவித்தொகைத் தேர்வில் நாலு பேர். நாலும் பெண்கள்.
இனிஷியலை இரண்டு தடவை பார்த்தேன்.
ஒரு எழுத்து பிசகினால் பாஸ்புக்கோடு ஒத்துவராது என்று
அம்மாக்கள் பலகையோடு சண்டைக்கு வருவார்கள்.

சீட்டின் கடைசி வரியில் சிவப்புக் கோடு.
நூறு சதவீத வருகை.
கோட்டுக்கு அடியில்
என் பெயர் இன்னும் படிக்கிற மாதிரிதான் கிடந்தது.

பிப்ரவரி பதினொன்று, மதியத்துக்கு மேல்.
பாசி எடுக்கப் போன அம்மாவின் பாதத்தைப் பார் கிழித்துவிட்டது,
ஏர்வாடி ஆஸ்பத்திரியில் மூன்று தையல்.
ஊசி ஏறும்போது என் கையைத்தான் பிடித்திருந்தாள்.
அரை நாள்.
நூறில் அரை போனால் நூறு இல்லை.
கணக்கு சார் சொன்னது, சரிதான்.

வலது மூலையில், கீழே,
பெயின்டர்கள் போடுவது போல
'எழுத்து: செ. ஹாஜிரா, 9 ஆ' என்று போட்டேன்.
யாரும் அழிக்கச் சொல்லவில்லை. யாரும் பார்க்கவுமில்லை.

அந்தப் பக்கம் போன தமிழ் டீச்சர் நின்றார்.
"கட்டுரை போட்டியா? ப் எங்கடி?"
தன் பாட்டிலில் சாக்பீஸை முக்கி
இடுக்கில் அவரே வைத்தார், புள்ளியோடு.
பாட்டிலை மறந்துவிட்டு பஸ்ஸுக்கு ஓடினார்.
சாயல்குடி பஸ் யாருக்கும் நிற்காது.

காய்ந்ததும்
அந்த 'ப்' மட்டும் சுண்ணாம்பு பூசினாற்போல் வெளுத்து நின்றது.
விரலால் தேய்த்தேன். வரவில்லை.

தடைக்காலம் வருகிறது. விசைப்படகெல்லாம் கரையில் கிடக்கும்,
சோளகம் எழும்பிவிடும்.
ஜூனில் கதவு திறக்கும்போது
அழகுபூரணி உதிர்ந்திருப்பாள், முப்பத்தொன்று மீட்டரும் உதிர்ந்திருக்கும்,
ஒரு 'ப்' மட்டும் எங்களை வரவேற்கும்.

பாட்டிலில் இரண்டு விரல்கட்டைத் தண்ணீர்.
சாக்பீஸை நனைத்து
பெயர்களின் மேலேயே மறுபடி ஓட்டினேன்.
முதலில் என் பெயர். பொய் சொல்வானேன்.
பிறகு அழகுபூரணி. அவளுடைய மீட்டர், புள்ளி உட்பட.
நாலு பெண்கள், நாலு இனிஷியல்.
மதுரையிலிருந்து புயல் கண்ட வில்வதுரை.

ரெமிஜியுஸுக்கு வரும்போது பாட்டில் காலி.
"இருக்கா" என்று குழாயடிக்கு ஓடியவன்
இரண்டு கையையும் குவித்துக்கொண்டு வந்தான்,
வழியெல்லாம் சொட்டி, முக்கால்வாசி சிந்தி.
"முக்கிக்கோக்கா,
இது என் மெஷின் தண்ணி இல்ல."