மேற்படி

ஒன்பது பி-யில் அந்தப் பக்கத்தைத் திறந்தேன்.
விடுதலைப் போராட்டத்தில் பெண்கள்:
ஒரு கட்டம், மஞ்சள் பின்னணி, ஆறு வரி.
"இது பரீட்சைக்கு வருமா டீச்சர்?"
வராது. எனக்கும் தெரியும், புத்தகத்துக்கும் தெரியும்.
பேனாக்களை மூடிவிட்டார்கள்.

மறுநாள் அலுவலக பீரோவிலிருந்து
பழைய சேர்க்கைப் பதிவேட்டைத் தூக்கிக்கொண்டு போனேன்.
செல்லரித்த முதுகு, பீடியிலை வாசனை.
முக்கூடலில் காகிதத்திலும் அது ஏறிவிடும்.
கடைசிக் கலம்: நீங்கிய காரணம்.
ஆளுக்கொரு பக்கம் வாசிக்கச் சொன்னேன்.

வெளியூர் சென்றார். இறந்தார். வெளியூர் சென்றார்.
பிறகு எட்டாம் வகுப்பில்
வெயிலாச்சி, குடும்பச் சூழ்நிலை.
அதற்குக் கீழே முப்புடாதி, மேற்படி.
செய்யதம்மாள், மேற்படி.
ஞானப்பூ, மேற்படி.
பன்னிரண்டு பெயர், பதினொரு மேற்படி.
பின்பெஞ்சு சிரித்தது:
"ஏட்டி, மேற்படின்னு ஒருத்திக்குப் பேரா?"

சிரிக்காமல் இருந்தவன் பால்துரை.
"தேதியப் பாருங்க டீச்சர், எல்லாம் ஒரே நாளு.
பன்னெண்டு வீட்லயும்
ஒரே நாள்லயா சூழ்நிலை வரும்?"

எனக்குத் தோன்றாத கேள்வி.
வரலாற்றில் முதுகலை படித்தவள் நான்.

முப்புடாதி, இசக்கிப்பிரியாவின் அம்மா.
திங்கட்கிழமை எழுந்து நின்றாள் பிள்ளை,
நோட்டைத் திறக்காமலே சொன்னாள்:

"அம்மை சொளவ விட்டு நிமிரவே இல்ல டீச்சர்.
சுத்திக்கிட்டேதான் சொன்னா.
கக்கூஸ் கேட்டோம்,
ஆத்துக்குப் போங்கன்னாவ.
மணி அடிச்சும் உள்ள போவாம
வேப்பமூட்டுல நின்னோம், பன்னெண்டு பேரும்.
மறுநா எங்களுக்கு மட்டும் கேட்டு பூட்டிக் கெடந்துச்சு.
அதுக்கப்புறம் இலை வெட்டப் போயாச்சு,
ஆயிரத்துக்கு இவ்வளவுன்னு.
'குடும்பச் சூழ்நிலைன்னா எழுதிருக்கு?'
அப்பந்தான் டீச்சர்
கை நின்னுச்சு."

ஜன்னலுக்கு வெளியே கழிப்பறைக் கட்டடம்.
கல்வெட்டில் திறந்து வைத்தவர், முன்னிலை,
மதிப்பீடு எத்தனை லட்சம் என்பது வரை உண்டு.
இரண்டு பிள்ளைகள் கேட்காமலே எழுந்து போய்
அதைப் படித்துவிட்டு வந்தார்கள்.
நான் தடுக்கவில்லை.

பாடக்குறிப்பேட்டில்
'இன்று நடத்திய பகுதி' என்ற கட்டத்தில்
பன்னிரண்டு பெயரையும் எழுதினேன்.
இடம் போதவில்லை;
ஞானப்பூவுக்குப் பின் வந்தவர்கள்
செவ்வாய்க்கிழமைக்குள் நடந்து போனார்கள்.

தலைமையாசிரியர் சிவப்பு மையில்
ஒரு கேள்விக்குறி போட்டு அனுப்பியிருக்கிறார்.
விளக்கம் எழுத வேண்டும்.
தேதியிலிருந்து தொடங்கலாம் என்றிருக்கிறேன்.