கண்டெடுத்தவை

போர்ட்டோ அலெக்ரேயில் நவம்பர்.
சுங்கச் சதுக்கம் முழுக்க ஜகரண்டா கொட்டுகிறது.
புத்தகக் கடைக்காரர்களுக்கு ஊதா நிறமே அலுத்துவிட்டது:
துடைத்து நிமிர்வதற்குள் அட்டைமேல் இன்னொன்று.

என் கடையில் புத்தகம் கிடையாது.
ஒரு தகரக் கூண்டு, மைக், தலையாட்ட மறந்த மின்விசிறி,
கண்டெடுத்தவற்றைப் போட ஒரு சலவைக் கூடை.

கவனிக்கவும்.
நான்காம் மேசையில் எழுத்தாளர் ஜுசாரா
வாசகர்களுக்குக் கையொப்பமிடுகிறார்.

(வாசகர் யாரும் வரவில்லை. பேனா மூடியைக்
கழற்றுகிறார், மாட்டுகிறார். இங்கிருந்தே தெரிகிறது.)

கவனிக்கவும்.
பொம்மலாட்டம் இரண்டரைக்கு. முதலை வந்துவிட்டது.
முதலைக்குக் குரல் கொடுப்பவர்
சோளப்பொரி வரிசையில் நின்றால், உடனே கூடாரத்துக்கு.

கவனிக்கவும்.
மஞ்சள் சட்டை, ஐந்து வயது, பெயர் தாயினா.
தான் தொலையவில்லை என்கிறாள்.
தொலைந்த அம்மா கூண்டுக்கு வரவும்.

பத்து ரியாலுக்கு மூன்று என்ற பெட்டிகளில்
முழங்கைவரை விட்டுத் துழாவுகிறவர்கள்.
ஒரே மாத்தே குடுவையை மாற்றி மாற்றி உறிஞ்சியபடி
சதுரங்கத்தில் ராணியைப் பறிகொடுக்கிறவர்கள்.
மேடையில் ஒரு பையன் கவிதை வாசிக்கிறான்.
முடிந்ததா என்று தெரியாமல் பாதிப் பேர் கைதட்டுகிறார்கள்.

மூன்று மணிக்கு, குப்பை வண்டி தள்ளும் லிந்தோமார்
பெஞ்சில் கிடந்ததென்று ஒன்றைக் கொண்டுவந்தான்.
தண்ணீர் குடித்து ரொட்டிபோல் உப்பிய புத்தகம்.
அட்டை இல்லை. விளிம்பில் பழுப்பாக ஒரு கோடு.
அந்தக் கோட்டை எங்களுக்குத் தெரியும்.
அந்த மே மாதம் குவாய்பா கரையேறி வந்து
இதே சதுக்கத்தில் வாரக்கணக்கில் தங்கியபோது
ஊர்ச் சுவரெல்லாம் கிழித்துவிட்டுப் போன கோடு.

கொண்டை ஊசியால் ஒரு தாளைப் பிரித்தேன்.
பீச் மரத்துக்கு ஒட்டுக்கட்டுவது எப்படி.
சுற்றிய துணியை இருபது நாள் அவிழ்க்கக் கூடாதாம்.

கவனிக்கவும்.
நனைந்து காய்ந்த புத்தகம் ஒன்று கிடைத்திருக்கிறது.
என்ன புத்தகம் என்று சொல்பவர் பெற்றுக்கொள்ளலாம்.

முதலில் வந்தவர் சீருடையோடு ஒரு பேருந்து ஓட்டுநர்.
நாலாம் வகுப்பு இலக்கணம் என்றார்.
ஒன்பதாம் பக்கத்தில் தம்பி வரைந்த ஹெலிகாப்டர்.
இல்லை ஐயா, என்றேன்.
இல்லையென்று எனக்கும் தெரியும், என்றவர்
அங்கேயே நின்றார்.

எர்னா என்றொரு பெண், ஜெர்மன் எழுத்தில் துதிப்பாடல் நூல்.
கப்பலில் வந்தது, பித்தளைக் கொக்கி வைத்தது.
இன்னொருத்திக்குத் தன் ஆய்வேடு. ஒரே பிரதி.
தலைப்பைச் சொல்லி முடிக்க அவளுக்கு
இரண்டு மூச்சு தேவைப்பட்டது.
ஒருவருக்கு மாட்டு வைத்தியம்.
பெயர் மறந்துபோச்சு, நீலமா இருக்கும், என்றாள் ஒரு சிறுமி.

மைக்கை அணைத்துவிட்டேன். வரிசை அணையவில்லை.
எழுதிக்கொள்ளுங்கள், என்றார்கள்.
எதற்கென்று நான் கேட்கவில்லை.
ரசீதுகளின் முதுகில் எழுதினேன்.
பன்னிரண்டாவது பெயரில் பேனா வறண்டது.

நான்காம் மேசையிலிருந்து ஜுசாரா எழுந்து வந்தார்.
என் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு
ஒவ்வொருவரிடமும் கேட்டுக் கேட்டு எழுதினார்,
எழுத்துக்கூட்டி, பதிப்பு ஆண்டு தெரிந்தால் அதையும்.
ஹெலிகாப்டர் எந்தப் பக்கம் பார்த்தது என்றுகூட.

இருட்டியபின் பித்தளை மணியை ஆட்டிக்கொண்டு
மணிக்காரர் கடைகளை மூடச் சொல்லிப் போனார்.
பூக்கள் செருப்புகளில் ஒட்டிக்கொண்டு
அவரவர் வீட்டுக்குப் போயின.
கூடையில் ஒரு குடை, ஒற்றைக் காதணி,
முதலையின் கீழ்த்தாடை, பீச் மரப் புத்தகம்.
ரசீதுகளின் முதுகில் நாற்பத்தேழு பெயர்கள்.

கவனிக்கவும்.
எழுத்தாளர் ஜுசாரா எங்கிருந்தாலும்,
உங்கள் பேனா என்னிடம் இருக்கிறது.