இணைப்பு ஏழு

"நிதி நெருக்கடிப் பள்ளி" என்று
அமைச்சகம் அனுப்பிய தாளில்
எங்கள் பெயர் அரபியில் அழகாகத்தான் இருக்கிறது.
பதினைந்து நாளுக்குள் மறுக்கலாம்.

சோஹாரில் ஆகஸ்ட்.
ஏசியை அணைத்துவிட்டு மனு எழுதுகிறேன்,
அந்த பில்லும் இணைப்பில் போகிறது.

நாற்பத்தொரு பிள்ளைகளின் கட்டணத்தை
நஷ்டம் என்கிறார் தணிக்கையாளர்.
நான் 'வரவேண்டியது' என்று எழுதியிருந்தேன்.
கம்பெனி மூடிய பிறகும்
ஆறாம் வகுப்பு அனிஷ்டாவின் அப்பா
மாதம் ஐந்து ரியால் கொண்டுவருகிறார்;
யாரும் பார்க்குமுன்
ரசீதை இரண்டாய் மடித்துச் சட்டைப்பையில் வைப்பார்.
அந்த ரசீதுகளையும் நகலெடுத்தேன்.

அரபியில் பெயர்க்கும் செய்யிது புகாரி
பேனாவை நிறுத்திக் கேட்டார்:
"வரவேண்டியது... இது கடனா, வேண்டுதலா?"

கடன் என்றே போடுங்கள் என்றேன்.

முத்திரைக்கு மூன்று ரியால்.
என் பையிலிருந்து கொடுத்துவிட்டு
பேரேட்டைத் திறந்தேன்:
எந்தப் பத்தியில் எழுத?