நான்காவது பலகை

பெட்டியைக் காலி செய்யச் சொன்னேன்.
ஹால கவுடர் மூன்று சாக்கு எடுத்து வந்தார்.
உள்ளே விதைக்கிழங்கு.
ஐந்நூறு வயது ஓக்குக்குள்
கோத்தகிரிச் செம்மண் ஒட்டிய உருளைக்கிழங்கு.
பங்களாவோடு சேர்ந்து வந்ததாம்;
கிரயப் பத்திரத்தில்
"பழைய மரப்பெட்டி ஒன்று."

என் வேலை மதிப்பிடுவது.
டார்ச், பூதக்கண்ணாடி, முழங்கால்.

ஆணி கிடையாது.
துளைகளை ஒன்றுக்கொன்று ஒரு நூல் விலக்கிப் போட்டு
காய்ந்த முளையை அடித்து இறக்கியிருக்கிறான்.
பச்சை மரம் காயக் காயத்
தானே இறுக்கிக்கொண்டது.
பலகைக்கு ரம்பம் இல்லை;
ஆப்பு வைத்து
வயிரத்திலிருந்து விறகுபோலப் பிளந்தது.
அதனால்தான் முகமெங்கும் வெள்ளிச் செதில்,
கலங்கிய நீரில் மீன் புரண்ட மாதிரி.

முகப்பில் நான்கு மடித்த துணிகள்.
மரத்தைத்தான் சொல்கிறேன்.
இழைப்புளியால் ஓடை ஓடையாக இழைத்து
நுனியில் மட்டும் உளி போட்டு
மடிப்பின் வாயைத் திறந்திருக்கிறான்.
உட்புறத்தில் வாய்ச்சிக் கொத்து அப்படியே கிடக்கிறது,
யார் பார்க்கப்போகிறார்கள் என்று.

நான்காவது பலகையில் டார்ச் நின்றது.
அதே செதில். அதே மடிப்பு.
தட்டினால் குரல் வேறு.
சில்வர் ஓக்.
தேயிலைக்கு நிழலாக நடுகிற மரம்,
பெயரில் மட்டும் ஓக்.
கவுடரின் வேலியிலேயே பதினேழு நிற்கிறது.

எந்தத் துரை எப்போது உடைத்தானோ,
எந்த ஆசாரியைக் கூப்பிட்டு விட்டானோ.
மூன்றைப் பார்த்து நான்காவதைச் செய்ய வந்தவன்
மடிப்புகளைச் சரியாகவே எண்ணியிருக்கிறான்.
நுனிக்கு வந்ததும்
ஓரத்தில் ஒரு விரல் அகலம் விட்டு
இரண்டு கோடு கீறிவிட்டான்.

கரை.
சலவையிலிருந்து வந்த வேட்டி.

அறிக்கையில் "பிற்காலப் பழுது" என்று எழுத வேண்டும்.
எழுதினேன்.
விலை பாதியாகும் என்றேன்.
கவுடர் குனிந்து நான்கையும் தடவினார்,
துணிக்கடையில் தடவுவதுபோல.
கை கடைசியில் நின்றது.
"இதுக்கா பாதி போச்சு?"
"இதுக்குத்தான்."
"அவனுக்கு என்ன கூலி குடுத்திருப்பாங்க?"

என் படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.

வெளியே மறுபடி மழை.
சாக்குகளை எங்கே வைப்பது?
"ஏப்ரல் வரைக்கும் இருக்கட்டும்" என்றார்,
பெட்டியையா கிழங்கையா, தெரியவில்லை.
இருட்டில் ஒவ்வொன்றாக உருண்டு விழுந்தன.
மூடுமுன் டார்ச்சை ஒருமுறை அடித்தேன்:
மேலே கிடந்த கிழங்கில்
வெள்ளையாக ஒரு முளை,
ஒரு நூல் நீளம்.